நெல்லுக்குச் சோதனை, மோட்டாருக்கு மாலையா?

தஞ்சை ஜில்லாவில் நெல் விற்கப் போகிறவன் எத்தனை சோதனைக்கு உட்பட வேண்டியிருக்கிறதென்பதை நம் நேயர்கள் அறிவார்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் களத்தில் அவன் நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்திருக்கிறான். ஒரு பிடி நெல்லை அள்ளி ஈரமானியில் இடுகிறார்கள். நூற்றுக்கு 17 பங்குக்கு மேல் ஈரம் காட்டினால் குவியல் களத்திலேயே கிடக்க வேண்டியதுதான். கல்லும் மண்ணும் எவ்வளவு, பதரும் கருக்காயும் எவ்வளவு, நிறம் மாறிய மணி எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு விதித்திருக்கிறார்கள். அறுப்புக் காலத்தில் மழை பிடித்துக்கொண்ட வருஷங்களில் ஈர அளவைத் தளர்த்த வேண்டுமென்று சென்னையிலிருந்து தில்லிக்கு எழுத, தில்லியிலிருந்து நிபுணர்கள் வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போய்ச் சோதிக்கிறார்கள். சோதனையே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. பணம் கொடுத்து வாங்குகிறவன் சரக்கைப் பார்த்துத்தான் வாங்குவான். அது அவனுடைய உரிமை.

அந்த உரிமையை, நெல் விற்ற அதே மனிதர் தாம் வாங்குகிறவராக மாறும்போது எங்கே கழற்றி வைத்துவிடுகிறார் என்பதே நம்முடைய கேள்வி. நெல் விற்ற பணத்தோடு பாங்கியில் கடனும் வாங்கி, ஐந்து ஆறு லட்சம் ரூபாயை எடுத்துக்கொண்டு புது மோட்டார் வாங்கப் போகிறார். வண்டி பட்டுத் துணியால் மூடப்பட்டு, மாலை சூட்டப்பட்டு நிற்கிறது. காகிதத்தில் பத்து இடங்களில் கையெழுத்து வாங்குகிறார்கள். அட்டையில் செய்த பெரிய சாவி ஒன்றைக் கையில் கொடுத்துப் படம் பிடிக்கிறார்கள். ராகு காலம் வருவதற்குள் புறப்பட வேண்டுமென்ற அவசரம். நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு, நேரே புன்னைநல்லூர் மாரியம்மன் சந்நிதிக்குப் பூஜைக்குப் போகிறார்கள். பூஜையும் மாலையும் வேண்டியவைதான். ஆனால் அதற்கு முன் பானெட்டைத் தூக்கிப் பார்த்தவர் நூற்றுக்கு எத்தனை பேர்?

நம் முன்னோர்கள் மாடு வாங்கிய விதத்தை நினைத்துப் பார்க்கலாம். பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள், சுழி பார்த்தார்கள், நடக்கவிட்டு, ஓட விட்டு, நுகத்தில் பூட்டியும் பார்த்தார்கள். அதன் பிறகுதான் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசினார்கள். தானமாக வந்த மாட்டுக்குத்தான் பல்லைப் பார்க்கலாகாது என்பது பழமொழி. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கும் மோட்டாரும் தானமாக வந்ததா?

இவ்விஷயத்தை இப்போது எடுத்துப் பேசக் காரணமிருக்கிறது. 2025-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி முதல், 4 மீட்டருக்கு மேற்படாத நீளமும் 1,200 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத பெட்ரோல் எஞ்சினும் உள்ள கார்களுக்குச் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 28-லிருந்து 18 ஆகக் குறைந்தது. வரி குறைந்ததால் விலையும் குறைந்தது. இதுவரை மோட்டார் சைக்கிளோடு திருப்தியடைந்திருந்த குடும்பங்களும் சிறு காரை நாடத் தொடங்கின. பழைய தஞ்சை ஜில்லா இன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று நான்காகப் பிரிந்து நிற்கிறது. இந்நான்கிலும் நெல் அறுத்து விற்ற கையோடு பெரிய சாமான் வாங்குவது வழக்கம். தை பிறந்து சம்பா அறுப்பு முடிந்த பின், மோட்டார்க் கடைகளில் கூட்டம் சேரும்.

சிறு கார்களிலும், தானாகக் கியர் மாற்றிக்கொள்ளும் வண்டிக்கு மதிப்பு ஏறிவருகிறது. ஜனங்கள் இதை 'ஆட்டோமேட்டிக்' என்றே சொல்லுகிறார்கள். நாமும் அப்படியே சொல்லுவோம். கும்பகோணத்துச் சந்துகளில் அடிக்கு ஒரு தரம் கிளச்சை மிதித்து முழங்கால் நோக வேண்டியதில்லை. வயதானவர்களும், புதிதாக ஓட்டக் கற்ற ஸ்திரீகளும், ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போய்வர வேண்டிய குடும்பத்தாரும் இதை விரும்புவதில் ஆச்சரியமில்லை. வசதியை நாம் குறை கூறவில்லை. ஆனால் இந்த வண்டியின் உள்ளே என்ன இருக்கிறதென்பதை வாங்குகிறவர் கொஞ்சமாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

விலை உயர்ந்த பழைய ஆட்டோமேட்டிக் கார்களில், எண்ணெயின் சுழற்சியால் சக்தியைக் கடத்தும் தனி வகை கியர் பெட்டி இருக்கும். இன்று விற்கும் மலிவான ஆட்டோமேட்டிக்குகளில் பெரும்பாலானவை அந்த ஜாதியல்ல. 2014-ஆம் வருஷம் மாருதி கம்பெனி செலெரியோ என்ற வண்டியில் ஒரு புதிய உபாயத்தைக் கொண்டுவந்தது. சாதாரணக் கியர் பெட்டியும் சாதாரணக் கிளச்சும் அப்படியே இருக்க, அவற்றை இயக்கும் மனிதனுடைய காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு சிறு யந்திரத்தை வைத்தார்கள். அந்த யந்திரத்துக்கு எப்போது கிளச்சை விடுவிப்பது, எப்போது கியரை மாற்றுவது என்று கட்டளையிட ஒரு சிறு கம்ப்யூட்டரையும் சேர்த்தார்கள். செலவு குறைந்தது, பெட்ரோலும் அதிகம் குடிக்கவில்லை. அதே வருஷம் ஆல்டோ கே10-லும், 2015-இல் டாட்டாவின் நானோவிலும், 2016-இல் நம் ஒரகடத்தில் செய்யப்படும் ரெனோ க்விட்டிலும், 2018-இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செய்த ஹூண்டாய் சான்ட்ரோவிலும் இதே முறை வந்தது. நானோவும் சான்ட்ரோவும் பின்னர் நின்றுபோயின. முறை மட்டும் நின்றுவிடவில்லை.

இதிலிருந்து விளங்குவது யாதெனில், சாதாரண வண்டியில் கிளச் சரியில்லையென்றால் ஓட்டுகிறவனுடைய பாதமே அதை உணர்ந்துவிடும். இதில் பாதத்துக்கு வேலையில்லை. குறை, கம்ப்யூட்டருக்கும் யந்திரக் கைக்கும் நடுவே எங்கேயோ ஒளிந்திருக்கும். மாலை போட்டு நிறுத்தி வைத்த வண்டியைச் சுற்றி வந்து பார்த்தால் பெயிண்ட் தெரியும்; அந்தக் குறை தெரியாது. ஆகவே மற்ற வண்டியைக் காட்டிலும் இதை அதிகமாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது. நடப்பதோ நேர்மாறாக இருக்கிறது. 'எல்லாம் கம்பெனியிலேயே பார்த்து அனுப்பியதுதான், சார்' என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

கம்பெனியில் பார்க்கிறார்கள் என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆயினும் பார்த்து அனுப்பியதிலும் குறை நேர்வதுண்டு என்பதைக் கம்பெனிகளே பகிரங்கமாக ஒப்புக்கொண்டிருக்கின்றன. 2016-ஆம் வருஷம் அக்டோபரில் க்விட் வண்டிகளில் சுமார் 50,000-ஐ, பெட்ரோல் குழாயைச் சோதிப்பதற்காகத் திரும்ப அழைத்தார்கள். 2022 அக்டோபரில் வாகன்-ஆர், செலெரியோ, இக்னிஸ் ஆகிய மூன்றிலும் சேர்த்து 9,925 வண்டிகளை, பின் பிரேக்கிலுள்ள ஒரு முளையின் பொருட்டு அழைத்தார்கள். 2023 ஜனவரியில் ஆல்டோ கே10, எஸ்-பிரெஸ்ஸோ முதலியவற்றில் 17,362 வண்டிகள், விபத்தில் உயிர் காக்கும் காற்றுப்பையின் கட்டுப்பாட்டுக் கருவிக்காக அழைக்கப்பட்டன. அதே வருஷம் ஜூலையில் எஸ்-பிரெஸ்ஸோவும் ஈக்கோவுமாக 87,599 வண்டிகள், ஸ்டியரிங்கில் உள்ள ஒரு தண்டுக்காக. 2024 ஆகஸ்டில் ஆல்டோ கே10-இல் 2,555 வண்டிகள், மறுபடியும் ஸ்டியரிங் சம்பந்தமாகவே. குறையைக் கண்டதும் மறைக்காமல் சொன்னார்களே என்று இக்கம்பெனிகளை நாம் பாராட்டவே செய்கிறோம். ஆனால் பிரேக்கிலும் ஸ்டியரிங்கிலும் குறையோடு புது வண்டி கடைக்கு வர முடியும் என்பது இதனால் தெரிகிறதா, இல்லையா?

மேற்சொன்னவை ஆயிரக்கணக்கான வண்டிகளுக்குப் பொதுவான குறைகள். ஒரே ஒரு வண்டிக்கு மட்டும் வழியில் நேரும் குறையை யாரும் திரும்ப அழைக்கமாட்டார்கள். ஒரகடத்திலிருந்தோ ஸ்ரீபெரும்புதூரிலிருந்தோ வண்டி லாரியின் மேல் ஏறித் தஞ்சைக்கு வருகிறது. குருகிராமத்திலிருந்து வருவது இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரெயிலிலும் லாரியிலும் மாறி மாறி ஏறி இறங்குகிறது. ஏற்றும்போது ஒரு கீறல், இறக்கும்போது ஓர் இடி. பிறகு ஊருக்கு வெளியே வெட்டவெளியில் வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் நிற்கிறது. பேட்டரி வற்றுகிறது, ஒரே இடத்தில் நின்ற டயர் அழுந்துகிறது, வயல் எலிக்கு ஒயர் நல்ல ஆகாரம். எலியைப் பற்றி டெல்டா வாசிகளுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக மழை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எத்தனையோ மோட்டார்கள் நீரில் முழுகின. டெல்டாவில் ஐப்பசி கார்த்திகையில் எந்தத் தாழ்ந்த நிலமும் குளமாகும். நனைந்த வண்டியைத் துடைத்துப் புதிதென்று விற்கிறார்களென எந்த வியாபாரியின் மீதும் நாம் குற்றம் சாட்டவில்லை. மழைக்காலத்துக்குப் பின் வாங்குகிறவர் 'இது எங்கே நின்றது?' என்று கேட்பது மட்டும் குற்றமாகாது. கம்ப்யூட்டரின் கட்டளைக்கு அடங்கி ஓடும் கியர் பெட்டிக்குத் தண்ணீரைப் போன்ற சத்துரு வேறில்லை.

பழைய வண்டியைப் புதிதாக விற்பது கேள்விப்படாத சங்கதியா என்றால், அதுவுமன்று. கோவாவில் ஒருவர் 2011-ஆம் வருஷத்து வண்டிக்குப் பணம் கொடுத்தார். கையில் வந்தது 2009-இல் செய்தது. 622 கிலோமீட்டர் ஓடியது. அடியில் துருவும் பிடித்திருந்தது. வழக்கு ஜில்லா மன்றத்தில் தொடங்கிச் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போயிற்று. 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்த கோர்ட்டு, வியாபாரி செய்ததற்கு வியாபாரியே பொறுப்பு. கம்பெனிக்கு அது தெரிந்திருந்ததென்று ருஜுவாகாதபோது கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்று சொல்லி, டாட்டா மோட்டார்ஸ் கம்பெனியை விடுவித்தது. சட்டப்படி இது சரியான முடிவாகவே இருக்கலாம். வாங்குகிறவர் இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. பெரிய கம்பெனியின் பெயரை நம்பித்தான் அவர் பணம் கொடுக்கிறார். வழக்கென்று வந்தால் ஊரிலுள்ள கடைக்காரரோடு தனியாக நிற்க வேண்டி வரலாம். சேஸிஸ் நம்பரையும், செய்த மாதம் வருஷத்தையும் பணம் கட்டுமுன் கேட்டு எழுதி வாங்கியிருந்தால் பத்து வருஷ வழக்கு பத்து நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். விற்பனைச் சான்றிதழாகிய 21-ஆம் நமூனாவில் செய்த மாதமும் வருஷமும் எழுத வேண்டுமென்பது விதி. அந்தக் காகிதம் வாங்குகிறவர் கைக்கு வருவதோ, எல்லாம் முடிந்த பிறகுதான்.

இனி, சட்டம் என்ன சொல்லுகிறதென்று பார்ப்போம். பார்த்து வாங்குவது வியாபாரி காட்டும் தயவென்று நம்மவரில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் அமுலில் இருக்கிறது. அதன் 41-வது பிரிவு, முன்னால் பார்க்காத சரக்கை ஒருவனிடம் ஒப்படைத்தால், அதைச் சோதித்துப் பார்க்க நியாயமான சந்தர்ப்பம் கிடைக்கும் வரையில் அவன் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதக்கூடாது என்று விதிக்கிறது. வாங்குகிறவன் கேட்டால் அந்தச் சந்தர்ப்பத்தை அளிப்பது விற்கிறவனுடைய கடமை என்றும் அதே பிரிவு கூறுகிறது. ஆக, இது தயவன்று. தொண்ணூறு வருஷத்துக்கு மேலாகச் சட்டப் புஸ்தகத்தில் உள்ள உரிமை.

அதே சட்டத்தின் 16-வது பிரிவு கத்தியின் மறு முனை. விற்கும் சரக்கு விற்பனைக்குத் தக்க தரத்தோடு இருக்கும் என்பது சொல்லாமலே அமைந்த நிபந்தனை என்று அது கூறுகிறது. ஆனால் வாங்குகிறவன் சரக்கைச் சோதித்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு இந்நிபந்தனை பொருந்தாது என்றும் ஒரு விலக்கு வைத்திருக்கிறது. மாலை மரியாதைகளுக்கு நடுவே கையெழுத்திடும் காகிதங்களில் ஒன்று, 'வண்டியைச் சோதித்து, நல்ல நிலைமையில் பெற்றுக்கொண்டேன்' என்பதாகும். பார்க்காமலே பார்த்தேனென்று எழுதிக் கொடுக்கிறவர், பார்த்ததன் பலனையும் அடைவதில்லை. பார்க்காதவனுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பையும் தம் கையாலேயே பலவீனப்படுத்திக்கொள்ளுகிறார். மாதக் கடைசிக் கணக்குக்காக அவசரப்படும் விற்பனையாளருக்கு இது தெரியாமலிருக்கலாம். படித்த நம் நேயர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிற்க. இந்த உரிமை ஏன் கைக்கு எட்டாமல் போகிறது? வரிசை தலைகீழாக இருப்பதனால்தான். முதலில் முழுப் பணம். அதில் பெரும் பகுதி பாங்கியிலிருந்து நேரே கடைக்குப் போய்விடுகிறது. பிறகு இன்ஷூரன்ஸ். பிறகு வாங்குகிறவர் பெயரில் பதிவு. பிறகு நம்பர் பலகை. இத்தனையும் முடிந்த பின்பே 'வந்து வண்டியைப் பாருங்கள்' என்ற அழைப்பு. அப்போது கதவில் ஒரு கீறலைக் கண்டாலும், கியர் விழ மறுத்தாலும், அது ஏற்கனவே அவருடைய வண்டி. 'சர்வீஸுக்கு விடுங்கள், சரி செய்து தருகிறோம்' என்பதே பதிலாக இருக்கும். முன்பாவது போக்குவரத்து அலுவலகத்துக்கு வண்டியைக் கொண்டுபோனால் இன்ஸ்பெக்டர் ஒரு தரம் சுற்றிப் பார்ப்பார். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 44-வது பிரிவு, அங்கீகாரம் பெற்ற வியாபாரி விற்கும் புது வண்டியை முதல் பதிவுக்காக அதிகாரியின் முன் கொண்டுவர வேண்டியதில்லை என்கிறது. அலைச்சல் மிச்சம் என்ற வகையில் இது நல்ல திருத்தமே. ஆனால் சர்க்காரின் கண் விலகிய இடத்தில் சொந்தக்காரரின் கண்ணாவது இருக்க வேண்டாமா?

ஆகவே பதிவுக்கு முன், இன்ன சேஸிஸ் நம்பர் உள்ள வண்டி உமக்கு என்று கடைக்காரர் குறித்துச் சொன்னவுடன், வாங்குகிறவர் அது நிற்கும் இடத்துக்கே போக வேண்டும். பகல் வெளிச்சத்தில் போக வேண்டும். கடைக்குள்ளே எரியும் விளக்கில் எந்தப் பெயிண்டும் பளபளக்கத்தான் செய்யும். கழுவுவதற்கு முன் பார்த்தால் இன்னும் உத்தமம். சேஸிஸ் நம்பரைக் காகிதத்தோடு ஒத்துப் பார்க்கலாம். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தில் முதலிரண்டு வாரம், பின்னிரண்டு வருஷம். ஐந்து டயரும் ஏறக்குறைய ஒரு காலத்தவையாக இருக்க வேண்டும். கிலோமீட்டர் காட்டியில் சில பத்துகள் இருந்தால் ஏற்றி இறக்கியதில் ஓடியதென்று ஒப்புக்கொள்ளலாம்; நூற்றுக் கணக்கில் இருந்தால் காரணம் கேட்க வேண்டும். சீட்டு பெல்ட்டைக் கடைசி வரையில் இழுத்துப் பார்த்தால், தண்ணீர் ஏறியிருந்த வண்டியில் கறை தெரியும். சீட்டுக்கடியில் உள்ள இரும்பில் துரு, கால் விரிப்புக்குக் கீழே வண்டல், விளக்குக் கண்ணாடிக்குள் ஈரம் ஆகியவையும் அவ்விதமே. வண்டலின் நிறம் காவிரிக்கரைக்காரருக்கு அடையாளம் சொல்ல வேண்டியதில்லை.

கியர் பெட்டிக்கு வருவோம். இதற்கு ஒரு தரம் கடையிலுள்ள மாதிரி வண்டியை ஓட்டிப் பார்த்திருப்பது அவசியம். எது சுபாவம், எது குறை என்பது அப்போதுதான் விளங்கும். இவ்வகை வண்டி ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்குப் போகையில் லேசாகத் தலையை ஆட்டும், அது சுபாவம். சில வண்டிகளில் கதவைத் திறந்ததும் உள்ளே ஒரு பம்பு 'உர்' என்று சப்தமிடும், அதுவும் சுபாவமே. பிறகு தமக்குக் குறித்த வண்டியை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பச் சொல்ல வேண்டும். பிரேக்கை மிதித்தபடி முன் கியருக்கும் பின் கியருக்கும் நாலைந்து தரம் மாற்றினால், ஒவ்வொரு தரமும் தயக்கமின்றி விழ வேண்டும். தள்ளிய எழுத்தே பலகையில் தெரிய வேண்டும். பிரேக்கிலிருந்து காலை மெதுவாக எடுத்தால் வண்டி உலுக்காமல் தானே ஊர வேண்டும். எஞ்சின் இரைந்தும் வண்டி நகராமலிருப்பது, 'டணக்' என்று இடிப்பது, கருகிய வாசனை, கிளப்பிய பின்னும் அணையாத எச்சரிக்கை விளக்கு, இவற்றில் ஒன்று கண்டாலும் அந்த வண்டி வேண்டாமென்று சொல்லிவிடலாம். இன்னும் அது அவருடையதாகவில்லை.

டெல்டாவில் ஒரு விசேஷச் சிரமம் உண்டு. இங்கே நிலம் பலகைபோல் சமம். மேட்டில் நிறுத்தி எடுத்தால் வண்டி பின்னுக்கு உருளுகிறதா என்று சோதிக்க மேடே இல்லை. ரெயில்வே மேம்பாலமும் ஆற்றுக் கரையில் ஏறும் சரிவும்தான் நம்முடைய மலைகள். பதிவாகாத வண்டியை, வியாபாரச் சான்றிதழின் பேரில், வாங்க வருகிறவருக்கு ஓட்டிக் காட்ட 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் இடங்கொடுக்கின்றன. அப்படி மேம்பாலம் வரையில் ஒரு தரம் கொண்டுபோகக் கேட்கலாம். உருளாமல் பிடித்துக்கொள்ளும் உபாயம் சில வண்டிகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. இல்லாததைப் பிறகு கல்லணைக் கால்வாய்க் கரையில் ஏறும்போது தெரிந்துகொள்வதைவிட முன்னமே தெரிந்துகொள்வது நல்லது. இவ்வகையில் பல வண்டிகளுக்கு நிறுத்தி வைப்பதற்கென்று தனிக் கியரும் கிடையாது. கைப் பிரேக்கைப் போட்டு, கியரில் விட்டு நிறுத்த வேண்டும்.

இத்தனையும் பாமர ஜனங்களால் ஆகக்கூடிய காரியமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் நாம் ஒரு யோசனையைச் சொல்லுகிறோம். ஒவ்வொரு மோட்டார்க் கடையின் பட்டறையிலும் ஒரு கருவி இருக்கிறது. வண்டியிலுள்ள துளையில் அதைச் செருகினால், எஞ்சினையும் கியர் பெட்டியையும் ஆளும் கம்ப்யூட்டர்கள் தங்கள் ஞாபகத்தில் பதிந்து வைத்திருக்கும் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிவிடும். நெல்லுக்கு ஈரமானி எப்படியோ, மோட்டாருக்கு இக்கருவி அப்படி. வண்டியை ஒப்படைக்குமுன் கடைக்காரர் செய்ய வேண்டிய சோதனைகளின் ஜாபிதா ஒன்றைக் கம்பெனிகளும் கொடுத்திருக்கின்றன. ஆகவே சாதனங்களெல்லாம் இருக்கின்றன. அவற்றின் முடிவு மட்டும் வாங்குகிறவர் கண்ணில் படுவதில்லை. நெல் களத்தில் ஈரமானியின் எண்ணை விவசாயி பார்க்கக்கூடாது என்று ஒருவர் சொன்னால் இந்த ஜில்லா சும்மா இருக்குமா?

'வாரண்டி இருக்கையில் இத்தனை பயம் எதற்கு?' என்பார்கள் சிலர். வாரண்டி என்பது பழுதான பாகத்தைப் பழுது பார்ப்பதாகவோ மாற்றுவதாகவோ கொடுக்கும் வாக்கு. புது வண்டி தருவதாகக் கொடுத்த வாக்கு அன்று. பாகத்தை மாற்றினால் தீரும் குறைக்கு முழு வண்டியையும் மாற்றித் தரும்படி உத்தரவிடுவது சரியல்லவென்று 2006-ஆம் வருஷத்திலேயே சுப்ரீம் கோர்ட்டு ஒரு மாருதி வழக்கில் தீர்த்திருக்கிறது. ஆகவே பதிவுக்கு முன்னால் 'வேறு வண்டி கொடும்' என்று ஒரு வாக்கியத்தில் பெறக்கூடியதைப் பதிவுக்குப் பின் கோர்ட்டாலும் பெறுவது அரிது. 'இவ்வளவு சந்தேகப்பட்டால் வியாபாரி மனம் நோகாதா?' என்று கேட்கிற தாட்சண்யப் பிரபுக்களும் இருக்கிறார்கள். அம்பாஸடர் காருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்த காலத்தின் மனோபாவம் இது. அன்று வண்டி கிடைத்ததே பாக்கியம். பிரசாதம்போல் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினோம். இன்று பத்துக் கம்பெனிகள் வாசலில் நின்று அழைக்கின்றன. நெல் வாங்கும் சிப்பந்தி விவசாயியின் மனம் நோகுமென்று ஈரமானியை வீட்டில் வைத்துவிட்டு வருவதில்லையே!

தவறி வாங்கிவிட்டவர்களும் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்குகிறவர் தாம் வசிக்கும் ஜில்லாவிலேயே புகார் கொடுக்கலாம். குருகிராமத்துக் கம்பெனியின் மேல் தஞ்சாவூர் ஆணையத்திலே வழக்குத் தொடரலாம். 5 லட்ச ரூபாய் வரையில் கொடுத்து வாங்கியதற்குக் கட்டணமே இல்லை. 10 லட்சம் வரையில் 200 ரூபாய்தான். இரண்டு வருஷத்துக்குள் தொடுக்க வேண்டும். மூன்று மாதத்தில், நிபுணர் சோதனை வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில், முடிக்கப் பார்க்க வேண்டுமென்று சட்டம் சொல்லுகிறது. நடைமுறையில் அந்தக் கெடு எவ்வளவு காப்பாற்றப்படுகிறதென்பதை ஆணையத்து வராந்தாவில் நின்றவர்களைக் கேட்டால் தெரியும். 2021 ஏப்ரல் முதல், குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவிடவும், 1 கோடி ரூபாய் வரையில் அபராதம் விதிக்கவும் மத்திய சர்க்காருக்கு அதிகாரம் வந்திருக்கிறது. ஆனால் அவ்வதிகாரம் விழித்தெழுவதற்குக் குறிப்பிட்ட தொகைப் புகார்கள் சர்க்காரின் கணக்கில் பதிவாக வேண்டும். மன்னார்குடியில் ஒருவர், சீர்காழியில் ஒருவர் என்று தத்தம் கடைக்காரரோடு சண்டையிட்டுவிட்டு ஓய்ந்தால் அந்தக் கணக்கு ஏறவே ஏறாது. பொது வேலையில் ஈடுபட்ட நம் நண்பர்கள் ரேஷன் கார்டுக்கும் பட்டாவுக்கும் மனு எழுதிக் கொடுப்பதுபோல் இதற்கும் எழுதிக் கொடுக்கலாம்.

மோட்டார் வியாபாரிகளிடம் நாம் கேட்பது அதிகமில்லை. பதிவுக்கு அனுப்புமுன் வண்டியைப் பகலில் பார்க்க விடட்டும். கருவி சொன்னதை அச்சிட்டு, சோதனை ஜாபிதாவின் நகலோடு வாங்குகிறவர் கையில் கொடுக்கட்டும். பார்த்த பிறகே பார்த்ததாகக் கையெழுத்து வாங்கட்டும். நேர்மையான வியாபாரிக்கு இதனால் காகிதச் செலவைத் தவிர வேறு நஷ்டமில்லை. சர்க்காரும், 21-ஆம் நமூனாவோடு இந்த நகலும் இருந்தால்தான் பதிவு என்று ஒரு விதி செய்யலாம். ஆனால் சர்க்கார் விதி செய்யும் வரையில் சம்பா காத்திருக்காது. தஞ்சை, கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை, நாகை ஆகிய ஊர்களிலுள்ள நுகர்வோர் சங்கத்தாரும் விவசாயிகள் சங்கத்தாரும் அறுப்புக்கு முன்னதாகவே தங்கள் ஊர் மோட்டார்க் கடைகளுக்கு இம்மூன்றையும் செய்வீர்களா என்று கடிதம் எழுதிக் கேட்கட்டும். ஆம் என்ற பதிலையும் இல்லை என்ற பதிலையும் கடையின் பெயரோடு இப்பக்கத்தில் வெளியிட நாம் தயாராயிருக்கிறோம்.